கிழக்கில் இரண்டு பேர்

எங்கள் கல்யாணம் 2006-ல், சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடி, புத்தர் சொன்னவற்றைப் படித்துப் பேசுவார்கள். குருவென்று யாரும் கிடையாது. வாரம் ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேட்போம். நான் அந்த ஊரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் மின்வாரியத்தில் இன்ஜினியர். அந்த மாடியில்தான் பழகினோம்.

நான் மேல்பட்டாம்பாக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவருடையது திருவந்திபுரம் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த விவசாயக் குடும்பம். சாமி மட்டும் வேறு என்றால் இரண்டு வீட்டிலும் எப்படியோ சமாளித்திருப்பார்கள். தெருவும் வேறு. அதனால் கோவிலும் இல்லை, சர்ச்சும் இல்லை என்று ஆனது.

அன்று காலை நடந்தவை கனவில் பார்த்தவை போலத்தான் இப்போதும் நினைவில் இருக்கின்றன. ஜன்னல் கம்பி வழியாக விழுந்த வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. கீழே ஓடும் மெஷினின் அதிர்வு தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறியது. எங்கள் குழுவில் இருந்த ஒரு நர்ஸ் அக்கா, ஆறு திசைகளின் கதையைச் சொன்னார். ஓர் இளைஞன் தினமும் விடியலில் குளித்து, ஈரத்துணியோடு நின்று ஆறு திசைகளையும் கும்பிடுகிறான். ஏன் என்று கேட்டால், அப்பா சொல்லிவிட்டுப் போனார் என்கிறான். அவனிடம் புத்தர் சொல்கிறார்: கிழக்கு என்பது பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி, வடக்கு நண்பர், கீழே உனக்கு உழைப்பவர், மேலே துறவிகள். கும்பிடுவது என்றால் அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது. அவர்களும் உனக்குச் செய்வார்கள். மனைவியை மதிப்பது, இழிவாகப் பேசாமலிருப்பது, வீட்டுப் பொறுப்பை அவள் கையில் கொடுப்பது என்று அக்கா சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

என் அப்பா வரவில்லை. அம்மா இறந்த பிறகு என்னைத் தனியாளாக வளர்த்தவர். கல்யாணத்துக்கு அப்புறம் ஐந்து வருஷம் என்னோடு பேசவும் இல்லை. என் கணவரின் அம்மா, என் அத்தை, தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தண்ணீர் பாட்டில்.

பிறகு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தத் தண்ணீரும் கூட வந்தது. எனக்கு எங்க கெணத்துத் தண்ணிதான் ஒத்துக்கும் என்பார். முந்திரிப் பருப்பு கொண்டு வருவார், என் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவார், ஆனால் என் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார். காரணம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒருமுறை நர்ஸ் அக்காவிடம், மாமியாருக்கு எந்தத் திசை என்று கேட்டேன். எரிச்சலில்தான் கேட்டேன். அவர் சொன்னார்:

"கிழக்குலயே எடம் இருக்கும்மா. உங்கப்பாவக் கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லு."

அப்பாதான் எந்தத் திசையிலும் இல்லையே என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

2011 டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. விடியலில் கடலே எழுந்து தெருவுக்குள் வருவதுபோல ஒரு சத்தம். அது ஓய்ந்த பிறகு கதவைத் திறந்தபோது, வெளியே வேறு ஊர் இருந்தது. மரங்களில் ஓர் இலை இல்லை. நிழலே இல்லாத ஒரு வெளிச்சம் தெருவெல்லாம் பரவிக் கிடந்தது. இத்தனை வானம் அந்தத் தெருவில் இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் முதலில் அத்தையைக் கூட்டிவந்தார். தோப்பு முழுவதும் சாய்ந்துவிட்டது, வீட்டின் ஷீட்டும் பறந்துவிட்டது. அத்தை வந்து சுவரோரம் உட்கார்ந்தார். பிறகு, என்னிடம் சொல்லாமலே, அவர் மேல்பட்டாம்பாக்கம் போனார். விழுந்த மரங்களுக்கு மேல் பைக்கைத் தூக்கித் தூக்கிப் போயிருக்கிறார். ஓடுகள் போன வீட்டில், வானத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பைபிளை மடியில் வைத்துக்கொண்டு அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். இவர் துணிகளை மூட்டை கட்டி பைக்கில் வைத்துவிட்டு, "ஏறுங்க மாமா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அப்பா ஏறிக்கொண்டார்.

இருவரையும் ஹாலில் விட்டுவிட்டு அவர் சாய்ந்த மின்கம்பங்களை நடப் போய்விட்டார். அதற்குப் பிறகு குளிக்க மட்டுமே வீட்டுக்கு வந்தார். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, போன் இல்லை. மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத அந்த வீட்டில் மூன்று பேரும் தண்ணீருக்கடியில் நடப்பவர்கள்போல நடமாடினோம். அப்பா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அத்தை வாசலைப் பார்த்தார்.

மறுநாள் காலை அப்பா கேட்காமலே குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடி அடிபம்புக்குப் போனார். வரிசையில் நின்று, அடித்து, தோளில் வைத்துக் கொண்டுவந்து சமையலறையில் இறக்கினார். அத்தையின் பாட்டில் காலியாகியிருந்தது. அவர் அந்தக் குடத்தைப் பார்த்தார். அன்று முழுக்க எதுவும் குடிக்கவில்லை. சோறும் வேண்டாம் என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதையும் காட்டாமல் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அப்பா குடத்தோடு வாசல் ஏறியபோது அத்தை எழுந்து நின்றார். கையில் சொம்பு இருந்தது.

"அண்ணே, இதுல கொஞ்சம் ஊத்துங்க."

அப்பா குடத்தைச் சாய்த்தார். அத்தை அங்கேயே நின்று குடித்தார், இன்னொரு முறையும் நீட்டி வாங்கிக் குடித்தார். நான் அடுப்படியில் இருந்து பார்த்தேன்.  தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது என்றார் அத்தை. புயலுக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும் என்றார் அப்பா.

மெழுகுவத்தியும் மண்ணெண்ணெயும் கிடைக்காத நாட்கள் அவை. சாயங்காலமானால் அத்தையின் அகல்விளக்கு ஒன்றுதான். அவர் மேற்கே தன் ஊர்க் கோவில் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிடுவார். அப்பா இருட்டில், மனப்பாடமாகத் தெரிந்த வசனங்களை முணுமுணுப்பார். சில நாள் கழித்து அத்தையே விளக்கை அவர் பக்கம் நகர்த்தினார். வெளக்குதானே, கிட்ட வந்து ஒக்காந்து படிங்க என்றார். அப்பா படித்தார். வெளியே ஊரே இருட்டாக இருக்க, அந்தச் சின்ன மஞ்சள் வட்டத்துக்குள் இரண்டு வயதான முகங்கள். யார் வீடு, எந்த வருஷம் என்பதெல்லாம் எனக்குக் கலைந்துபோகும். இலையில்லாத மரங்களுக்கு நடுவில் கடல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

பொங்கலுக்கு முன்னால் பக்கத்துத் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை. தெரு ஆட்கள் சிலர் வாசலில் வந்து நின்று, இன்ஜினியர் வீடு இங்கே இருந்து என்ன பிரயோஜனம் என்று சத்தம் போட்டார்கள்.  உள்ளேயிருந்து அப்பா வந்தார்.

"எங்க மருமவன் வீடும் இருட்டாத்தான் கெடக்குது. ஆஸ்பத்திரிக்கும் தண்ணி டேங்குக்கும் முடிச்சிட்டுத்தான் தெருவுக்கு வருவாரு. அதுவரைக்கும் நாங்களும் உங்களோடதான் இருக்கோம்."

அவர்கள் முனகிக்கொண்டே போனார்கள். மருமகன் என்று அப்பா சொல்லி அன்றுதான் கேட்டேன். சொன்னது தனக்கே தெரியாததுபோல அவர் திரும்பி, "டீ போடும்மா, உங்கத்தைக்கும் சேத்து" என்றார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. சர்க்கரை எங்கே வைத்தேன் என்று மறந்துபோய் நான் வெகுநேரம் தேடினேன்.

ஓடு மாற்றியதும் அப்பா ஊருக்குப் போனார். ஷீட் போட்டதும் அத்தையும் போனார். நடந்ததைப் பற்றி இருவரும் பிறகு பேசவே இல்லை. அந்த மாடிக்கு அப்பா ஒரு நாளும் வந்ததில்லை. அத்தைக்கு அது இன்னும் ஜெராக்ஸ் கடைதான்.

2012-ல், ஆடி மழை தொடங்கியதும், தோப்பில் முந்திரிக் கன்று நட ஆள் கிடைக்கவில்லை என்று அத்தை சொன்னார். யாரும் கூப்பிடாமலே அப்பா மண்வெட்டியோடு போய்விட்டார். மதியம் எனக்குப் போன் செய்தார். மண் நல்லாயிருக்கு, மழை தொடர்ந்தால் கன்றெல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்றார். இந்த வயசில் ஏன் இவ்வளவு வேலை என்று நான் ஏதோ கேட்க ஆரம்பித்தேன். பின்னால், சோறு ஆறிப்போகுது என்று அத்தை கூப்பிடும் குரல் கேட்டது.

"அப்புறம் பேசுறேன்" என்று அப்பா போனை வைத்துவிட்டார்.