இருபது மீட்டர் டயர் தடம்

பாலக்கரையில் குடியிருக்கும் பிரான்சி, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவர். அவர் கணவர் டோனி வேன் டிரைவர். போன ஆகஸ்டில் திருவெறும்பூர் அருகே டோனியின் வேன் ஒரு ஸ்கூட்டரில் மோதி, அதில் வந்த நவநீதனுக்குக் கால் முறிந்தது.

“நாப்பதுலதான் போனேன். அவர்தான் குறுக்கே வந்துட்டாரு” என்றார் டோனி.

பிரான்சி நம்பினார். அதை நிரூபிக்கவே மறுநாள் காலை டேப்போடு போய், பிரேக் பிடித்த இடத்தில் பதிந்திருந்த டயர் தடத்தை அளந்தார். இருபது மீட்டர் இருந்தது. வண்டியை நிறுத்த உராய்வு செய்யும் வேலை, வண்டியின் இயக்க ஆற்றலுக்குச் சமம். இரண்டு பக்கமும் வண்டியின் நிறை அடிபட்டுப்போவதால், தடத்தின் நீளத்தையும் தார்ச்சாலையின் உராய்வுக் குணகத்தையும் வைத்தே வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று முறை போட்டும் விடை அறுபதுக்குக் குறையவில்லை.

நோட்டை டோனியிடம் நீட்டினார். “நீங்க அறுபதுல போயிருக்கீங்க.”

டோனி நோட்டை வாங்கிக் கணக்கைப் பார்த்தார். பிறகு, “ஸ்டேஷன்ல நாப்பதுன்னு எழுதிக் குடுத்துட்டேனே” என்றார்.

“மாத்தி எழுதிக் குடுங்க. நானும் வரேன்.”

அன்றே இருவரும் போனார்கள். டோனியின் லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு முடக்கப்பட்டது. நவநீதனிடமும் உண்மையைச் சொல்ல டோனி ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் நாள் நவநீதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த முறை போனபோது உட்காரச் சொன்னார்.