கதவில் எழுதிய திகதி

கோமளா மிஸ்ஸின் கணவர் துரைராசா அண்ணனின் அழைப்பு வந்தபோது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரான நான் டெங்குப் பரிசோதனைக்காக ஒரு வீட்டின் பின்வளவில் நின்றேன். "அவ விடியக்காலம் போயிட்டா, பி.எச்.ஐ" என்றார். நெஞ்சு வருத்தம். நான் அந்த வீட்டுக்காரருக்குத் தொட்டியைக் கழுவச் சொல்லிவிட்டு, படிவத்தை நிரப்பி, கையெழுத்தும் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தால் கோமளா மிஸ் ஏசியிருப்பார்.

ஆய்வுகூடத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்தவர். மலத்தில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. ஊர் பெரியகல்லாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். அந்த மண்ணில் குழிக் கக்கூஸ் கட்டினால் மாரி வெள்ளத்தில் அது கிணற்றோடு கலந்துவிடும். அதனால் நிலத்துக்கு மேலே இரண்டு அறை கட்டும் உலர் மலசலகூடத்தை எங்கள் பகுதியில் முதலில் தன் வீட்டில் கட்டியவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் ஒரு பிடி சாம்பல் போட வேண்டும். ஒரு அறை நிறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதைப் பாவிக்க வேண்டும். மூடிய அறையை ஒரு முழு வருடம் தொடக் கூடாது. அதற்குப் பிறகு அது எரு.

கூட்டங்களில் நாங்கள் 'மனிதக் கழிவு' என்போம். அவர் எழும்பி, "பீ எண்டு சொல்லுங்க. சொல்லக் கூச்சப்படுற ஆக்கள் அத எப்பிடிப் பத்திரமாக் கையாளப் போறீங்க?" என்பார். பெரிய அதிகாரிகள் இருந்தாலும் இதே பேச்சுத்தான். எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு ஊரில் இந்த மலசலகூடங்களைக் கட்டிக் கொடுத்தோம். மேற்பார்வை என்னுடையது. அந்த ஊரில் கண்ணகி அம்மன் கோயில் உண்டு. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கோயில், வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். அதற்கு முன் ஊரே வளவு கூட்டி, வீடு மெழுகி, துப்பரவாகும். சித்திரை தொடங்கியதும் அன்னம்மா என்ற பெண் என்னிடம் வந்தார். "அம்மாள்ர கதவு திறக்கிற நேரத்தில இத வளவுக்குள்ள வச்சிருக்க ஏலாது. எடுத்துப் போடட்டா?" அவர் வீட்டில் நிறைந்த அறையை மூடியது கார்த்திகையில். ஐந்து மாதம்தான். நான் கதவைத் திறந்து பார்த்தேன். நல்ல கறுப்பு மண். மணமே இல்லை. "ஓம், எடுங்க" என்றேன். அவர் அதைக் கீரைப் பாத்திக்குப் போட்டார்.

பெருமையாக ஒரு போத்தலில் கொஞ்சம் அள்ளிக்கொண்டுபோய்க் கோமளா மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். அவர் மணந்துகூடப் பார்க்கவில்லை. "எப்ப மூடினது?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "மணம் போனாப் பூச்சியும் போயிற்றெண்டு ஆர் சொன்னது? முட்டை உயிரோட கிடக்கா எண்டு பாக்க ஒரு மாதம் வேணும். அதுவரைக்கும் அந்தக் கீரையில கை வைக்க வேணாமெண்டு சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். ஆனால் அன்னம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. என் மூக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார். "பாருங்க" என்று எழும்பி இடம் விட்டார். நுணுக்குக்காட்டிக்குள் வட்டமான முட்டை ஒன்று. உள்ளே ஒரு புழு மெல்ல மடங்கி நிமிர்ந்தது. அன்னம்மாவின் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கீரையைத்தான் தின்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சடங்கு முடியட்டும், மறுகா ஆறுதலாகச் சொல்வோம் என்று இழுத்தேன். "முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள மறைக்கப் பாக்கிறீங்களோ? எடுங்க எண்டு சொன்னது உங்கட வாய். அந்த வாயாலயே போய்ச் சொல்லுங்க. நானும் வாறன்."

அன்றே போனோம். மரத்தடியில் ஊரைக் கூட்டி, பிழை என்னுடையது என்றேன். கீரையைத் தின்ன வேண்டாமென்று சொல்லச் சொல்லியும் நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அப்படி வெட்கப்பட்டது என் வாழ்நாளில் வேறொரு நாளில்லை. அன்னம்மா என்னைப் பார்க்கவில்லை. "அப்ப இந்தக் கக்கூசே எங்களுக்கு வேணாம்" என்றார். பலரும் தலையாட்டினார்கள். வெள்ளத்தில் கலங்கிய கிணற்றுக்கே அந்த ஊர் திரும்பிவிடும் போலிருந்தது.

பின்னால் இருந்த கோமளா மிஸ் அப்போதுதான் வாய் திறந்தார். "அம்மாள்ர கதவ ஆராவது நினைச்ச நேரம் திறக்கிறதா? அதுக்கொரு நாள் இருக்கெண்டு ஊருக்கே தெரியும். இதுக்கும் ஒரு நாள் இருக்கு, புள்ள. அத எழுதி வைக்காதது எங்கட பிழை."

சிலருக்கு முகம் சுருங்கியது. கோயிலையும் கக்கூசையும் ஒரே மூச்சில் சொன்னால் சுருங்காதா? அன்னம்மா இப்போதுதான் என்னைப் பார்த்தார். "அப்ப நாள எழுதித் தாங்க" என்றார்.

கீரைப் பாத்தி மண்ணை அள்ளி ஆழக் குழியில் மூடினோம். அடுத்த வருடத்திலிருந்து ஆறின எருவைக்கூடத் தென்னைக்கும் வாழைக்கும்தான் போட்டார்கள். இரண்டு பிள்ளைகளையும் கோமளா மிஸ்ஸே பரிசோதித்தார். ஒன்றின் வயிற்றில் பூச்சி இருந்தது. மருந்து கொடுத்தோம், சுகமாயிற்று. அது அந்தக் கீரையால்தான் வந்தது என்று சொல்ல முடியாதென்று அறிக்கையில் எழுதினார். எனக்காக எழுதவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூடிய ஒவ்வொரு அறைக் கதவிலும் திறக்கும் திகதியை வர்ணத்தால் எழுதினோம். என் பையில் சின்ன வர்ணப் பேணியும் தூரிகையும் இன்றும் கிடக்கின்றன.

கோமளா மிஸ்ஸின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நாலு நாள் முன்னம் துரைராசா அண்ணனைப் பார்க்கப் போனேன். வளவு கூட்டிக்கொண்டு நின்றார். "ஆக்கள் வருவாங்க, துப்பரவாக்கோணும். அவ மூடின அறையையும் எடுத்துப் போடட்டா? மணம் ஒண்டுமில்ல" என்றார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். கதவில் கோமளா மிஸ்ஸின் சாய்ந்த எழுத்தில் ஆவணி மாதத்துத் திகதி ஒன்று இருந்தது. இன்னும் ஐந்து மாதம்.

"இல்லண்ண. நாள் வரல்ல" என்றேன்.

அவர் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "மழையில எழுத்து மங்கிற்று. மேலால ஒருக்கா எழுதிவிடுங்களன்" என்றார். தூரிகையை எடுத்தேன். அவருடைய எழுத்தின் மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் கீழே, அதே திகதியை, என் கையால் எழுதினேன்.