பில் இல்லாத டர்ன்டேபிள்

இன்று பேத்தியோடு மருதானையில் ஒரு எலக்ட்ரோனிக் கடைக்குப் போனேன். டிஜே பழகுவதற்கு அவளுக்கு இசைத்தட்டு சுற்றும் இரண்டு டர்ன்டேபிளும் ஒரு சின்ன மிக்சரும் வேண்டுமாம்.

புதியதில் தட்டு பெல்ட்டில் சுற்றுகிறது, கை வைத்தால் இழுபடும் என்று ஒதுக்கிவிட்டாள். மோட்டரே தட்டைச் சுழற்றும் பழைய சோடி ஒன்று பிடித்துப்போனது. மிக்சருக்கு, தட்டுக்கு ஒன்றாக இரண்டு சனல் போதும் என்றாள். கெட்டிக்காரி.

"பில் எழுதும், தம்பி" என்றேன் கடைக்காரப் பொடியனிடம்.

"பழைய சாமானுக்கு என்ன பில் அம்மா? சும்மா கொண்டு போங்கோ."

பதினெட்டு வருடத்துக்கு முன் இதே கடையில் இவனுடைய தகப்பனும் இதையேதான் சொன்னான்.

"உம்மட அப்பரை நம்பி, பில் இல்லாத ரேடியோவோட ஆமி செக்பொயின்ற்றில பிடிபட்டு, குண்டுச் சாமானோ எண்ட சந்தேகத்தில என்ட மனுசன் மூண்டு நாள் பொலிசில இருந்தவர். இந்தப் பிள்ளை வயரும் பெட்டியுமா வெள்ளவத்தை போய்ச் சேர வேணும். ஒரு துண்டு எழுத உமக்குக் கை நோகுதோ?"

"பழைய கதை ஏன் அம்மா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பும் தகப்பனுடையதுதான்.

பில் எழுதவேயில்லை. வெறுங்கையோடு வெளியே வந்தோம்.

"அம்மம்மா, இப்ப காலம் மாறிட்டுது" என்று பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வருமுன் செக்பொயின்ற்றுகளில் எங்களை பஸ்ஸிலிருந்து இரண்டு தரம் இறக்கிச் சோதித்தார்கள்.

பழைய டர்ன்டேபிளுக்கும் பில் எழுதும் கடை கொழும்பில் இருந்தால் கீழே சொல்லுங்கள். அவனுடைய சொந்தக்காரர் கடை என்றால் வேண்டாம்.