கைக்கெட்டும் பந்து

வெயில் சாயும் நேரம் எங்களூர் ஓர்ஸ் ஹில் பக்கத்து டென்னிஸ் தரைக்குத் தண்ணீர் தெளித்தால், சூடான செம்மண்ணிலிருந்து ஒரு வாசம் கிளம்பும்; மற்றவர்களுக்கு அது மழை வாசமாம், அந்த மண்ணை அண்ணனின் வெள்ளைக் காற்சட்டையிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவிய எனக்கோ அது சவர்க்காரம் வீணாய்க் கரைகிற வாசம்.

அண்ணன் அந்தக் கிளப்பின் "மார்க்கர்", அதாவது துரைமாரோடு விளையாடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். பந்தை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் பதமாகப் போட்டு, அவர்களைப் பெரிய வீரர் மாதிரி அடிக்கவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத் தோற்க வேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தொந்தி பெருத்த துரைகூட மான்குட்டி போலத் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது கொழும்பிலிருந்து பெரிய கிளப்புக்காரர் வந்தார்கள். கண்டியிலிருந்து வந்த இன்னொரு மார்க்கரோடு அண்ணன் ஆட வேண்டும். வெல்லுகிறவருக்குக் கொழும்பில் வேலை, இருக்க வீடு, வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு. அம்மா பாயைச் சுருட்டிக் கட்டியே விட்டார். நானும், கொழும்புக்குப் போகப்போகிறோமென்று தெரு முழுக்கச் சொல்லி, இரண்டொரு சிநேகிதப் பெட்டைகளோடு கதைப்பதையும் நிறுத்தியிருந்தேன்.

"இண்டைக்கு ஒருத்தருக்கும் மரியாதை பாக்காத, விளங்குதோ?" என்றார் அம்மா அண்ணனிடம்.

"ஓம் அம்மா."

அண்ணன் நன்றாகத்தான் ஆடினார். இன்னும் ஒரு பந்து, அதை வென்றால் எல்லாம் அண்ணனுக்கு. அந்த நேரம் பார்த்துக் கண்டிக்காரர் சறுக்கி விழுந்தார். அந்தப் பக்கம் முழுக்க வெறுமை, நாலு மாடு கட்டலாம். நானும் அம்மாவும் வேலியைப் பிடித்தபடி நிற்க, என் அண்ணன் பந்தைப் பூப்போலக் கொண்டுபோய், விழுந்து கிடந்தவரின் கைக்குப் பக்கத்தில் போட்டார்! அந்த மனுசன் எழும்பாமலே தட்டிய பந்து, வலையைத் தாண்டி அண்ணனுக்கு எட்டாத மூலையில் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த பந்துகளையும் அண்ணன் அதேபோலக் கைக்கெட்டப் போட்டு, தோற்றுப்போனார்.

"அவ்வளவு வெறும் இடம் கிடந்ததேயடா, கண் தெரியேல்லையோ?"

"அவர் விழுந்திட்டார் அம்மா."

"விழுந்தா? நீயோ தள்ளி விழுத்தினனீ?"

"கை பழகிப்போச்சு, என்ன செய்ய ஏலும்?"

அம்மா பாயை அவிழ்த்தார். நான் ஒவ்வொரு பெட்டையாகத் தேடிப்போய்ச் சமாதானம் பேசினேன். அண்ணன், கிளப் மூடும் வரைக்கும் துரைமாரிடம் தோற்றுக்கொண்டே இருந்தார்.

அந்தத் தரை இப்போது வாகனம் நிறுத்துமிடம். துரைமாரும் இல்லை, தோற்பதற்குச் சம்பளம் கொடுப்பாரும் இல்லை. அண்ணன் மட்டும் என் வீட்டுக் கதிரையில் சாய்ந்து, டீவியில் வெளிநாட்டுச் செம்மண் போட்டி பார்க்கிறார். போன கிழமை ஒருவன் மூலையில் அடித்து வெல்ல, சனமெல்லாம் எழும்பிக் கைதட்டியது. அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"என்ன பிள்ளையடி இவன்? அவ்வளவு தூரத்தில போட்டா மற்றப் பிள்ளை எப்பிடி எடுக்கும்?"

"எடுக்கக்கூடாதெண்டுதான் அண்ணா போடுறான்!"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார், விளையாட்டே விளங்காத ஒருத்தியைப் பார்ப்பது போல.