குழாயடியில் கை கழுவியவர்

தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்து வந்து லின்ஃபீல்டில் வீடு வாங்கியிருந்தோம். மின்சார மீற்றர் பார்க்க அந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாவோரிக்காரர் வருவார். பெரிய உடம்பு, நரைத்த தலை, குளிரிலும் அரைக்காற்சட்டைதான். மீற்றரைப் பார்த்து முடித்ததும் தோட்டத்துக் குழாயில் கை கழுவிவிட்டுத்தான் போவார்.

“எங்களைத் தீட்டெண்டு நினைக்கிறான் போல,” என்றாள் மனைவி. ஊரில் ஆட்களைத் தள்ளிவைத்துப் பழகிய எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

“இது எங்கட சனத்தைப் புதைச்ச இடம். வெளிக்கிடேக்கை கை கழுவ வேணும்,” என்றார்.

“காணி உறுதி இருக்கோ?” என்றேன்.

“எங்கட முன்னோர் வெள்ளைக்கார ராணியோட செய்த ஒப்பந்தத்தைக் காட்டி அரசாங்கத்திட்டக் கேட்டம். தனியாருக்கு வித்த காணியைத் திருப்பித் தர ஏலாதாம்.”

கை கழுவ விட்டால் நாளைக்குக் காணியும் கேட்பார் என்று பயந்து, அன்றைக்கே குழாய்க்குப் பூட்டுப் போட்டேன்.

அடுத்த முறை அவர் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். தான் கழுவியபின் என்னைக் கூப்பிட்டார். “கையை நீட்டுங்கோ. நீங்கள் ஒவ்வொரு நாளும் அவையளுக்கு மேலதானே நடக்கிறியள்.”

ஊரில் சிலருக்கு நாங்கள் இப்படித்தான், கை படாமல், மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவோம். அதை நினைத்துக்கொண்டே இரண்டு கைகளையும் ஏந்தினேன்.

பூட்டை மட்டும் கழற்றவில்லை.