பெருக்காத காலை

லாயத்தின் நடுவே ஓடும் சிமெண்டு நடையில் ஊசி விழுந்தாலும் நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அவள் அப்படிப் பெருக்குவாள். அதனால்தான் லாயத்தில் வேலை செய்யும் அவளுக்குக் கண்ணாடி என்று பெயர். வைத்தவர் லாடம் அடிக்க வரும் பெரியவர். "குனிஞ்சா என் வழுக்கை தெரியுது தங்கச்சி. இனிமே இங்கே தொப்பி போட்டுக்கிட்டுத்தான் வரணும்" என்று ஒருநாள் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்தப் பெயர் வியப்பாக இருக்கும். அங்கே அலமாரிக்கு அடியில் தையல்காரக் கணவரின் நூல் துண்டுகளும் துணி வெட்டுகளும் வாரக்கணக்கில் கிடக்கும். "உன் சுத்தமெல்லாம் குதிரைக்குத்தான், எங்களுக்கு இல்லை" என்பார் அவர்.

"குதிரை என் சமையலைக் குறை சொல்றதில்லையே" என்பாள் அவள்.

அவர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. அவளுடைய சுத்தம் குதிரைகளுக்கானதும் அல்ல, பார்க்க வருகிறவர்களுக்கானது. குதிரையேற்றம் கற்றுத்தரும் இடம் அது. பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரை முதலாளியம்மா அந்த நடையில்தான் கொண்டுவந்து நிறுத்துவார். அவர்கள் தரையைப் பார்ப்பார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்ப்பார்கள், சேர்த்துவிடுவார்கள். "எல்லாம் இந்த அக்கா கைவேலை" என்பார் முதலாளியம்மா. ஒரு பாராட்டு வந்து சேர்ந்துவிட்டால், அது எந்தச் செயலுக்காக வந்ததோ அந்தச் செயலைத் திருப்பிப் பார்க்கும் எண்ணமே நமக்கு எழுவதில்லை.

காலையில் தீவனம் வைத்த கையோடு துடைப்பத்தை எடுப்பாள். இருபுறமும் கொட்டில்களில் குதிரைகள் நின்று தின்றுகொண்டிருக்க, நடையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பெருக்கித் தள்ளுவாள். முதலாளியம்மாவின் வண்டி வாசலில் நிற்பதற்கும் அவள் துடைப்பத்தைச் சாத்தி வைப்பதற்கும் சரியாக இருக்கும். அதற்குப் பிறகுதான் குதிரைகள் வெளியே போகும்.

நடுக்கொட்டிலில் ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை. சோம்பேறி என்று அதற்குப் பெயர். மணல் வட்டத்தில் பாதிச் சுற்று ஓடிவிட்டு நின்றுவிடும். எத்தனை தட்டினாலும் நகராது. பெயர் வைத்தவள் கண்ணாடியேதான். குளிர்காலம் தொடங்கியதும் அது இருமவும் ஆரம்பித்தது. மருந்து கொடுத்தால் நிற்கும், மருந்து தீர்ந்தால் திரும்பும்.

பனி விலகி, வேலியோரம் புல் தலைகாட்டத் தொடங்கிய ஒரு காலையில் முதலாளியம்மா சொன்னார்: "வகுப்பு ஆரம்பிக்கப்போகுது அக்கா. அதுக்குள்ள இது சரியாகலைன்னா தரகரை வரச்சொல்லிட வேண்டியதுதான். ஓடாத குதிரையை நான் எத்தனை நாள் கட்டித் தீனி போடறது?"

தரகர் வாங்கிப்போகும் குதிரைகள் எங்கே போகின்றன என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தக் குதிரைமேல் தனிப் பாசம் இருந்தது என்று சொல்ல முடியாது. அது அவளை இரண்டு முறை கடித்திருக்கிறது. ஆனாலும் டாக்டர் வந்தபோது அவள்தான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குதிரையின் விலாவில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"எப்போம்மா இருமுது?"

"காலையில டாக்டர்."

"காலையில எப்போ? தின்னும்போதா, வெளியே போனதுக்கு அப்புறமா?"

"வெளியே போனா அவ்வளவா இல்லை. நான் பெருக்..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். தரையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "இங்கே பெருக்கற தூசி எங்கே போகுதும்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கை கழுவப் போனார்.

மறுநாள் அவள் வழக்கம்போலப் பெருக்கத் தொடங்கிப் பாதியில் நின்றாள். குளிர்காலம் முழுவதும் அந்த நேரம் இருட்டாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் தரை மட்டும் தெரியும். இப்போது கிழக்கு வாசல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வந்திருந்தது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, சோம்பேறியின் கொட்டிலுக்குள் நுழைந்து, அதன் மூக்கு இருந்த உயரத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அவள் தரையிலிருந்து அகற்றியதெல்லாம் அங்கே இருந்தது. புல் துகள், வைக்கோல் பொடி, வசந்தத்தில் உதிரும் மயிர், காய்ந்த சாணத் தூள், எல்லாம் மெதுவாக, அவசரமில்லாமல் மிதந்தன. அவளுக்கே தொண்டை கமறியது. பக்கத்தில் குதிரை கழுத்தை நீட்டி இருமிற்று.

சோம்பேறி என்று அதற்குப் பெயர் வைத்தது நினைவுக்கு வந்தது. மூச்சு விட முடியாத ஒன்றை அப்படி அழைத்திருக்கிறாள். அவள் அழவில்லை. அழுதால் காற்று சுத்தமாகாது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றே வரிசையை மாற்றினாள். முதலில் குதிரைகள் வெளியே. கடைசிக் குதிரையும் போன பிறகுதான் துடைப்பம், அதுவும் தண்ணீர் தெளித்து. குளிருக்காக அடித்து மூடியிருந்த ஜன்னல் பலகைகளை ஆணி பிடுங்கித் திறந்தாள். காய்ந்த புல்லைத் தொட்டியில் முக்கி, நீர் வடியவிட்டு, சுவரில் உயர மாட்டியிருந்த தட்டியில் திணிக்காமல் தரையோடு தரையாக வைத்தாள். தலை குனிந்து தின்றால் மூக்கில் போனது வெளியே வரும் என்று டாக்டர் கிளம்பும்போது சொல்லியிருந்தார். உதிரும் மயிரைத் தேய்த்தெடுப்பதை வேலிக்கு அருகே கொண்டுபோனாள்.

லாடக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன தங்கச்சி, துவைச்ச துணி மாதிரி எல்லாத்தையும் வெளியே காயப் போட்டுட்டே?"

"உங்களையும் பக்கத்துல காயப் போடவா அண்ணே?"

"போடு, போடு. எனக்கும் இருமல்தான். ஆனா என்னை எந்தத் தரகரும் வாங்க மாட்டான்."

முதலாளியம்மா சிரிக்கவில்லை. அவர் வந்த நேரத்தில் நடை முழுக்கப் புல்லும் சாணமும் கிடந்தன. கூடவே ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்த அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என்ன அக்கா இது? சந்தை கலைஞ்ச இடம் மாதிரி இருக்கு!"

"குதிரை உள்ளே இருக்கும்போது பெருக்கக் கூடாதும்மா. தூசியாலதான் அது இருமுது."

"இத்தனை வருஷமா பெருக்கினீங்களே?"

"அதான் இத்தனை வருஷமா அது ஓடலை."

முதலாளியம்மா நடையைக் கைகாட்டினார். "எனக்கு நாளைக்குத் தரை பழையபடி இருக்கணும்" என்றார்.

"இருக்காதும்மா."

அந்த லாயத்தில் அவள் அதுவரை அப்படிப் பேசியதில்லை. குரல் உயரவில்லை, வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வகுப்பு ஆரம்பிக்கற வரைக்கும் என் போக்குல விடுங்க. அன்னைக்கு நீங்களே ஏறி ஓட்டிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா தரகரைக் கூப்பிடுங்க, நானே கயிறு பிடிச்சு வண்டியில ஏத்தறேன். அப்புறம் வேற ஆளையும் பார்த்துக்குங்க."

முதலாளியம்மா அவளை உற்றுப் பார்த்தார். கோபத்தைவிடக் குழப்பம் அதிகம் இருந்தது அந்தப் பார்வையில். "சரி, அதுவரைக்கும்" என்றார்.

இருமல் குறைந்தது. பிறகு திடீரென்று ஒரு காலையில் திரும்ப வந்தது, முன்பைவிடக் கடுமையாக. புல்லை முகர்ந்து பார்த்தாள்; புளிக்கவில்லை. ஜன்னல்கள் திறந்தே இருந்தன. யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துச் சந்தேகப்பட்டாள். விடை மாலையில் கிடைத்தது. தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பியவள், நடையின் நடுவில் தன் கையில் துடைப்பம் இருப்பதைக் கண்டாள். எப்போது எடுத்தாள் என்று நினைவில்லை. பின்னால் பாதி நடை பளபளவென்று இருந்தது. இருபுறமும் குதிரைகள் நின்றன. நேற்றும் இப்படித்தான் பெருக்கியிருக்க வேண்டும்.

மனம் ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகும் கைக்கு அது போய்ச் சேர நாளாகிறது. அவள் தன்னைத் திட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்கவில்லை. துடைப்பத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கணவர் தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "அடடா! கடைசியா நம்ம வீட்டுக்கும் விடிஞ்சுதா?"

"இது இங்கேயே இருக்கட்டுங்க. காலையில கிளம்பும்போது நான் கேட்டாலும் கொடுக்காதீங்க. குதிரைங்க வெளியே போனதும் நீங்க எடுத்துட்டு வாங்க."

"நான் என்ன துடைப்பத்துக்குத் துணையா?"

"எனக்குத் துணை."

அவர் மேற்கொண்டு கேலி செய்யவில்லை. தினமும் கடை திறப்பதற்கு முன் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் "போருக்கா அண்ணே?" என்று கேட்டார்கள். "ஆமா, எதிரி சிமெண்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார். லாய வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். கொட்டில்கள் காலியாக இருந்தால்தான் கொடுப்பார், பெருக்கி முடித்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை ஒரே ஒரு குதிரை மிச்சமிருந்தபோது அவள் கை நீட்டினாள். அவர் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் முதலாளியம்மா சேணம் பூட்டச் சொன்னார். லாடக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வேலியில் வந்து சாய்ந்தார். கண்ணாடி கயிற்றை விட்டுவிட்டு வட்டத்தின் கதவருகே நின்றாள்.

பாதிச் சுற்று வந்ததும் சோம்பேறி வேகம் குறைத்தது. வழக்கமாக நிற்கும் இடம் அது. முதலாளியம்மா தட்டவில்லை, தட்டிப் பயனில்லை என்று பழகியிருந்தார். குதிரை காதை முன்னே திருப்பியது. பிறகு தானே வேகம் எடுத்தது. இரண்டாம் சுற்றில் நடை ஓட்டமாக மாறியது. மூன்றாம் சுற்று முடியும்போது ஒரே ஒரு முறை இருமிற்று. வேலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கண்ணாடி அசையவில்லை. குதிரை தும்மி, தலையை உதறி, ஓட்டத்தைத் தொடர்ந்தது.

முதலாளியம்மா இறங்கும்போது அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. "இதுக்குச் சோம்பேறின்னு யாரு பேர் வெச்சது?"

"நான்தாம்மா."

"ம்" என்றார். பாராட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தரகரிடம் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் பெற்றோர்கள் வந்தார்கள். நடையில் புல்லும் சாணமும் கிடந்தன. யாரோ மூக்கைச் சுளித்தார்கள். முதலாளியம்மாவின் முகம் ஒரு கணம் சிவந்தது. கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அவர்களிடம் திரும்பி, "கொஞ்சம் ஓரமா நில்லுங்க. முதல்ல குதிரைங்க வெளியே போகணும், அப்புறம்தான் இங்கே பெருக்குவோம்" என்றார்.

கண்ணாடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். தரையைப் பார்க்காமல் இருக்க அவளுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. குதிரைகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசியாக வந்த சோம்பேறி போகிற போக்கில் அவள் தோளைக் கடிக்கப் பார்த்தது. இப்போது ஓடுவதற்குப் போக, கடிப்பதற்கும் அதனிடம் மூச்சு இருந்தது.