கல்வட்டத்துக்கு அடித்த வெள்ளை

என்னைவிடப் பெரிய முட்டாள் பல்லடம் ரோட்டில் இருக்கலாம். ஆனால் அவன் புதைகுழிக்கு முதலுதவிப் பெட்டி மாட்டியிருக்க மாட்டான்.

எங்கள் தோட்டத்து மூலையில் ஒரு மண்மேடு. சுற்றிலும் முட்டி உயரக் கற்கள் வட்டமாக நிற்கும். அவற்றில் வாகான ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் நான் போன் பேசுவேன். எழுத்து வருவதற்கு முந்தைய காலத்து மனிதர்களைப் புதைத்த இடம் அது என்று சொன்னவர், எங்கள் ஊர் அரசுப் பள்ளி டீச்சர். மேட்டைப் பாதுகாக்கச் சொல்லி மூன்று வருடமாக மனு எழுதியவரும் அவர்தான். கடைசியில் தொல்லியல் அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது.

"நாளைக்கு வந்து பாக்குறாருங்க. இருக்கிறது இருக்கிறபடியே இருக்கோணுங்க. கலைஞ்சிருந்தா மனுவத் தள்ளீருவாங்க" என்றார் டீச்சர்.

என்னைப் போன்ற பனியன் கம்பெனிக்காரன் காதில் 'வந்து பாக்குறாரு' மட்டும்தான் விழும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியை ஆடிட் பண்ண வந்தால் முந்தின நாள் செய்வதையெல்லாம் செய்தேன். கற்களுக்கு வெள்ளை அடித்தாயிற்று. நடக்கும் வழிக்கு மஞ்சள் நாடா. மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள். வேப்பமரத்தில் முதலுதவிப் பெட்டி.

கூட வந்த சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். பெட்டியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார்.

"மொதலாளி, உள்ள கெடக்கவருக்கு இனிமே எதுக்கு மருந்து?"

"ஆடிட்டுல கேப்பாங்கப்பா."

சாய்ந்திருந்த கல்லை நிமிர்த்த ஜேசிபியும் சொல்லியிருந்தேன். டிரைவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். அந்த மணமக்கள் நன்றாயிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் வெயிலில் கற்கள் பல் தேய்த்ததுபோல் மின்னின. டீச்சர் கையிலிருந்த மனு நகல்களைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி ஒரு கல்லை நகத்தால் சுரண்டினார்.

"எனாமலா?"

"சுண்ணாம்புதானுங்க. எனாமல் வெல ஜாஸ்திங்க."

"உங்க கஞ்சத்தனம் காப்பாத்திருச்சு. இதை எடுத்துரலாம். கல்லு எதுவும் இடம் மாறலையே?"

இல்லை என்று பழைய போட்டோக்களைக் காட்டினார் டீச்சர். அதிகாரி ஒவ்வொரு கல்லாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாதுகாக்கப் பரிந்துரை எழுதுவதாகச் சொன்னார். டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "டீச்சர், நம்ம செலவுலயே கம்பிவேலி போட்டு, கேட்டு வெச்சு, சீரியல் லைட்டு கட்டீரலாமுங்களா?"

"நீங்க இந்தப் பக்கம் வராம இருந்தீங்கன்னா போதுமுங்க."